மலைத்தடத்தில் ஜீப் தடுமாறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அங்கே ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், உருளும் கற்களும் மழைநீர் அறுத்த பள்ளங்களும் நிறைந்த அந்தத் தடத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் போடி சமவெளி வரை இறங்கும் பள்ளம், நடுவே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம் என்று அமைந்த இப்படிப்பட்ட இடத்தில் ஏற்படும் சிறு பழுதும் தார்ச்சாலையில் ஏற்படும் பழுதைப் போன்றதல்ல. மெக்கானிக்கை அழைக்கக் கைபேசியில் சிக்னல் இருக்காது, ஓரங்கட்ட இடம் இருக்காது, வண்டி நிற்பதற்குச் சமதரையும் கிடைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தகைய தடங்களில் ஓடும் வண்டிகளை மனத்தில் வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன். பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் டீசல் ஜீப்கள். லிவர் போட்டால் மட்டும் நான்கு சக்கரங்களும் இயங்குபவை. புதிய வண்டிகளில் முறை மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன். வனத்துறையோ எஸ்டேட்டோ அனுமதித்த தடங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். தடத்தை விட்டுப் புல்வெளியிலோ சோலைக்காட்டிலோ வண்டியை இறக்குவது அந்த மண்ணுக்குச் செய்யும் கேடு. அதற்கு வழிகாட்ட எனக்கு விருப்பமில்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பும், வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்பும், பயணிகளை இறக்குவதற்கு முன்பும் இதைச் செய்துவிட வேண்டும். கை பிரேக்கை நம்பி மலைச்சரிவில் வண்டிக்கு அடியில் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைத்திருக்கிறது. முக்கோண வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகள் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். தடத்தில் கிடக்கும் உருண்டைக் கல் கட்டையாகாது, அது சக்கரத்தோடு சேர்ந்து உருண்டுவிடும். வண்டி ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியரிலும், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸிலும் போட்டுவிட்டு, சக்கரங்களை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

மலையில் ஆளைக் கொல்லும் பழுது இதுதான் என்பதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். காலுக்கடியில் மிதி எப்படி இருந்தது என்று கேட்டால்தான் காரணம் பிடிபடும்.

மிதி கல்லைப்போல இறுகியிருந்து, எரிந்த வாடையும் அடித்து, வண்டி மட்டும் வேகம் குறையாமல் போனால், லைனிங் (பிரேக்கில் உரசிப் பிடிக்கும் பட்டை) சூடேறித் தன் உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். மிதி இறுகியிருக்கிறது, வாடை இல்லை, ஆனால் எஞ்சின் அணைந்திருக்கிறது என்றால் பிரேக்கில் பழுதே இல்லை. மிதிக்கு விசை கூட்டித் தரும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காததால் இரண்டு மூன்று மிதிப்புகளுக்குப் பிறகு மிதி கனத்துவிட்டது, அவ்வளவுதான். முழு பலத்தோடு மிதித்தால் வண்டி நிற்கும்.

மிதி பஞ்சைப்போல அமுங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேர்ந்திருக்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு அவை முறையே 230, 155. ஆண்டின் பாதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுவதை நான் ஆடம்பரமாக நினைக்காததற்குக் காரணம் இந்த எண்கள்தாம்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி அமுங்கினால், பதறிக் கிளட்சை மிதித்துவிடாதீர்கள். எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் வண்டி பாயத் தொடங்கும். மிதியை வேகவேகமாகப் பலமுறை மிதித்து அழுத்தத்தைத் திரட்டப் பாருங்கள், ஒரு கியர் குறைக்க முடிந்தால் குறையுங்கள், கை பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் பக்கவாட்டை உரசவிட்டு நிறுத்துங்கள். தகடு நசுங்குவதைப் பற்றி அந்த நொடியில் யோசிக்கக் கூடாது. மேகமலையிலிருந்து இறங்கும்போது ஒருமுறை என் மிதி இப்படித்தான் தரையைத் தொட்டது. மூன்றாம் மிதிப்பில் கொஞ்சம் பிடி கிடைத்ததால் மண்மேட்டுக்குப் போகாமல் தப்பினேன். அன்று நான் மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதின் தொடக்கம் ஆயிலில் இல்லை, அந்தக் கியரில் இருந்தது.

நின்றபின் முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிரேக் டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆறியதும் மிதி பழையபடி இறுகினால், லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் துணைக் கியர் நிலை) முதல் கியரில் போட்டு, மிதியைத் தொடாமல் எஞ்சினின் பிடியிலேயே மீதி இறக்கத்தை முடியுங்கள். ஆறிய பிறகும் மிதி அமுங்கினால் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரக்கோடு இருக்கிறதா என்று விரலால் தடவித் தேடுங்கள். கசிவு கண்டால் பயணிகளோடு இறங்க வேண்டாம், அடுத்த ஜீப் வரும்வரை காத்திருப்பதே முறை.

ஓடையைக் கடந்த உடனே பிரேக் பிடிக்காமல் போனால் அது டிரம்முக்குள் புகுந்த நீர். மிதியை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஊர்ந்தால் காய்ந்துவிடும்.

ஏற்றத்தில் எஞ்சின் அணைந்து, வண்டி பின்னால் நழுவப் பார்க்கிறது

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதம் ஆற்றலை இழக்கிறது. 2,100 மீட்டரைத் தாண்டும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். அடிவாரத்தில் இரண்டாம் கியரில் ஏறிய அதே சரிவை மேலே அதே கியரில் ஏற நினைப்பதால்தான் பாதி ஏற்றத்தில் கரும்புகை கக்கி எஞ்சின் அணைகிறது.

அணைந்த நொடியில் கால் பிரேக்கை முழுமையாக மிதியுங்கள், கை பிரேக்கை இழுங்கள். வண்டியை நியூட்ரலில் விட்டுப் பின்னால் உருளவிடவே கூடாது. கிளட்சை மிதித்து, லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியரைப் போட்டு, எஞ்சின் அணைந்த நிலையிலேயே கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். இப்போது எஞ்சினின் அழுத்தமே வண்டியைப் பிடித்திருக்கும். கை பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கையும் மெல்லத் தளர்த்திப் பார்த்து, வண்டி நிற்கிறது என்று உறுதியான பிறகு, கிளட்சைத் தொடாமலேயே சாவியைத் திருப்புங்கள். பழைய ஜீப்களில் ஸ்டார்ட்டர் வண்டியை ஓரிரு அங்குலம் பின்னுக்கு நகர்த்தும், எஞ்சின் பற்றிக்கொள்ளும், வண்டி நடைவேகத்தில் நேராகப் பின்னால் இறங்கும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புதிய வண்டிகளில் இது நடக்காது. அவற்றில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுவதும் விட்ட பிறகே பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

இறங்கும் வழி முழுவதும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பாதி ஏற்றத்தில் வண்டியைக் குறுக்கே திருப்பி முகம் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். குறுக்கே நிற்கும் ஜீப் கவிழ்வதற்கு ஒரு கல் போதும்.

கீழே சமமான இடம் வந்ததும், லோ ரேஞ்சில் முதல் கியரோ இரண்டாம் கியரோ என்று முன்பே முடிவு செய்துகொண்டு, நடுவில் மாற்றாமல் ஏறுங்கள். எதிரே ஒரு வண்டி இறங்கி வந்தால் ஏறும் வண்டிக்குத்தான் வழி. அது சாலை விதியும்கூட.

வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது

சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் அந்த வரம்பைத் தாண்டியும் ஓடுகிறது. எனவே ரப்பர் தேய்ந்த, ஸ்பிரிங் தளர்ந்த மூடி அடிவாரத்தில் எந்தக் குறையும் காட்டாமல் உச்சியில் கொதிக்கவிடும். அடிக்கடி சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டரையே மாற்றச் சொல்வதற்கு முன், மூடியை மாற்றிப் பார்க்குமாறு சொல்வேன்.

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள்; உள்ளே இருப்பவர்களுக்குத் தொல்லைதான், ஆனால் அது இன்னொரு சிறு ரேடியேட்டராக வேலை செய்கிறது. நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை, பெல்ட் ஓடுகிறது என்றால் எஞ்சினை அணைக்காமல் ஐடிலைவிடச் சற்றுக் கூட்டி ஓடவிடுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஆவி பீறிட்டாலோ, ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்த முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். பிறகு மூடியைத் தடித்த துணியால் பிடித்துக் கால்வாசி மட்டும் திருப்பி, அழுத்தம் அடங்கியபின் திறவுங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் ஓடைத் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.

காத்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். சேறும் புல்விதையும் அப்பியிருந்தால் காற்று புகாது. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே கொடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஓட்டுமுறையைச் சந்தேகியுங்கள். லோ ரேஞ்சில் போட்டால் எஞ்சின் கத்துகிறது, அதனால்தான் சூடாகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது: அதில் எஞ்சின் மேல் சுமை குறைகிறது, பெல்ட்டில் ஓடும் ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றுகின்றன. முக்கி முனகி உயர் கியரில் ஏறும் வண்டிதான் கொதிக்கும்.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

இறங்கிச் சக்கரங்களைப் பாருங்கள். சக்கரம் சுற்றாமல் எஞ்சின் மட்டும் உறுமி, கருகிய வாடையும் வந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஆஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கித் தாங்கி ஏற்றியதன் விளைவு அது. நியூட்ரலில் அரை மணி ஆறவிடுங்கள். பிறகு மிதியில் தொடக்க இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி அழுந்தியே இருந்திருக்கிறது, கேபிள் வகையில் நட்டைத் தளர்த்தி இடைவெளி கொடுக்கலாம். சமதரையில் கை பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டுப் பாருங்கள்: எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் இன்னும் மிச்சமிருக்கிறது, அணையாமல் ஓடினால் மேலே ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

சக்கரம் சுற்றி மண்ணைத் தோண்டினால் முதல் வேலை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. தோண்டத் தோண்ட வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிடும், பிறகு வேலை மூன்று மடங்காகும். டயர்க் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 20 அளவுக்கு இறக்குங்கள். டயர் அகன்று படிந்து பிடி கூடும். 18க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரசர் இல்லையென்றால் காற்றை இறக்குவதே தவறு. சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) உள்ள வண்டியில் சுமையில்லாத சக்கரமே சுற்றும். பிரேக்கை லேசாக அழுத்தியபடி மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சில நேரம் எதிர்ச்சக்கரத்துக்கு விசை போகும். அதுவும் பலிக்காவிட்டால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அடியில் தட்டைக் கற்களை அடுக்குங்கள். இது நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஏமாற்றாத வேலை.

வடம் கட்டி இழுப்பதாக இருந்தால் சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள். பம்பரிலோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையிலோ கட்டினால் அது பிய்த்துக்கொண்டு தோட்டாவைப்போலப் பறக்கும். வடத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. மரத்தில் கட்ட நேர்ந்தால் பட்டை உரியாதபடி அகலமான பெல்ட்டைச் சுற்றிக் கட்டுங்கள். தேயிலைச் செடியில் கட்டாதீர்கள், அது வேரோடு வந்துவிடும், அது ஒருவருடைய பிழைப்பு.

நான்கு சக்கர லிவர் கழல மறுக்கிறது

பழுதல்ல. பிடிப்புள்ள தரையில் நான்கு சக்கர இயக்கத்திலேயே திரும்பி வந்ததால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பத்தடி ரிவர்ஸ் வந்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானே விலகும். சுத்தியலால் தட்டாதீர்கள்.

ஓடையில் எஞ்சின் அணைந்தது

மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று புகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால், அது சிலிண்டருக்குள் அமுங்காமல் நின்று கனெக்டிங் ராடை வளைத்துவிடும். வண்டியை வெளியே இழுத்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உலர்ந்திருந்தால் நீர் மின்சாரப் பகுதியில்தான் புகுந்திருக்கும், துடைத்துக் காயவைத்துக் கிளப்பலாம். நனைந்திருந்தால் டீசலில் இன்ஜெக்டர்களையும் பெட்ரோலில் பிளக்குகளையும் கழற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். தடத்தில் செய்யத்தக்க வேலையல்ல அது. எஞ்சின் ஆயில் பாலைப்போல வெளுத்திருந்தால் எக்காரணம் கொண்டும் ஓட்டாதீர்கள். ஊர் திரும்பியதும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பாருங்கள்: சூடான பெட்டி குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை

பழைய டீசல் ஜீப்பில் முதலில் ஸ்டாப் சொலினாய்டின் (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) வயரைப் பாருங்கள். குலுக்கலில் அது கழன்றிருந்தால் பம்புக்கு டீசல் போகாது. இழுத்து அணைக்கும் வகையானால் அந்தக் கேபிள் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில், டேங்க்கில் டீசல் குறைவாக இருந்தால், உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். அதனால்தான் மலையேறும் வண்டியில் அரை டேங்க்குக்குக் குறையக் கூடாது என்கிறேன். ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடிப்பதை நிறுத்தாமலே ஸ்குருவை இறுக்குங்கள். தேவைப்பட்டால் இன்ஜெக்ஷன் பம்பிலும் இதையே செய்யுங்கள். காமன் ரயில் எஞ்சினில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் புதிய வகை) உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

ஒரு பெரிய கல்லில் மோதிய பிறகு இப்படி ஆனால், முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் சாண் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கிறது. யு போல்ட்டுகளை இறுக்கிவிட்டு நடைவேகத்தில் திரும்பலாம். இடைவெளி சமமாக இருந்து, முன்சக்கரங்கள் இணையாக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பித் தெரிந்தால், அவற்றை இணைக்கும் டை ராடு வளைந்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்திருந்தால் பஞ்சர் ஒட்ட முயலாதீர்கள், ஸ்டெப்னிதான் வழி.

பொழுது சாய்கிறது, வண்டி கிளம்பவில்லை

சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதி யானைகளின் வழி. அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து வேறிடம் கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. இருட்டிய பிறகு உதவி தேடி நடந்து போவதைவிட வண்டிக்குள் இருப்பதே பாதுகாப்பு. கிளம்பும்போதே எஸ்டேட்டிலோ மற்ற ஜீப் ஓட்டுநர்களிடமோ திரும்பும் நேரத்தைச் சொல்லி வைத்திருந்தால் தேடி வருவார்கள். கோடையில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், சைலன்சரின் சூடு போதும் தீப்பற்ற. 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் பலரைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத்தீ இதே மலையின் சரிவில் நேர்ந்தது.

உதயம் காட்டப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் விடியலுக்கு வெகுமுன்பே, மூடுபனியில், இந்தத் தடத்தில் ஏறி வரும். எனவே இரவு தங்க நேர்ந்தால் கட்டைகளைச் சரிபாருங்கள், வண்டியை முடிந்த அளவு மலைப்பக்கம் ஒதுக்குங்கள், எச்சரிக்கை முக்கோணங்களை வண்டிக்கு அருகில் வைக்காமல் மேலும் கீழும் உள்ள வளைவுகளுக்கு அப்பால் வையுங்கள். வளைவைத் திரும்பிய பிறகு உங்களைப் பார்க்கும் ஓட்டுநருக்கு அந்தக் கல்தடத்தில் நிறுத்த இடம் போதாது.